மணியும் ராஜமும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்று வழங்குவர். அக்கரையிலே போரதீவுப் பற்றைச் சேர்ந்த ஊர்களுள் ஒன்று பழுகாமம். வயலும் வாவியும் சூழ்ந்த அவ்வூரிலே திரௌபதை அம்மனுக்கு ஒரு கோயில் உண்டு. ஆகவே பாரதக் கதை அவ்வூரார்க்கு ஏட்டிலே படித்தறிந்த கதை மாத்திரமன்று. கோயிற் சடங்கோடும் ஊர் வாழ்வோடும் கலந்துவிட்ட கதை. வட்டக் களரியிலே விடிய விடியக் கூத்தாடும் மரபும் அப்பகுதிக்கு உரியது. களரியின் ஓரத்திலே தாயின் மடியிற் கண்ணயர்ந்து கிடக்கும் சிறுவனும், கர்ணன் வரவு என்றதும் எழுந்து உட்கார்ந்துகொள்வான். தேரோட்டி மகன் என்று சபையார் இகழ்ந்தவனுக்கு அங்கதேசத்தை ஈந்து தன் தோழனாக்கிக்கொண்டான் ஒருவன். அத்தோழமையின் பொருட்டு, உடன்பிறந்தார் இன்னார் என்று அறிந்த பின்பும், எதிர்ப்பக்கத்திலே நின்று உயிர்விட்டான் மற்றவன். கொடுத்தவன் பெரிய நண்பனா, கூட நின்றவன் பெரிய நண்பனா என்ற வழக்கு, கூத்து முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பும் வழியெல்லாம் நடப்பதுண்டு.

அந்த வழக்கைக் கேட்டு வளர்ந்த பிள்ளை மறுநாட் காலையிலே பள்ளிக்கூடம் செல்கிறான். அங்கே நட்பைப் பற்றி அவனுக்குக் கிடைக்கும் புத்திமதி வேறு. முன்வாங்குப் பிள்ளைகளோடு சேர். பின்வாங்கிலே இருப்பவனோடு திரியாதே என்று தாய்தந்தையர் சொல்லியனுப்புகின்றனர். ஆசிரியரும் அதனை வழிமொழிகின்றார். அந்தப் பின்வாங்குக்காரன் யார்? வேளாண்மைக் காலத்திலே வயல் வாடியிற் காவலிருந்துவிட்டு, பின்பு ஒருநாள் வந்து பாடம் விளங்காமல் விழிப்பவன். எருமையைச் சாய்க்கவும் தோணி வலிக்கவும் தெரிந்தவன். பின்னக் கணக்குத் தெரியாதவன். பட்டினத்திலிருந்து உத்தியோகத்தர் ஒருவரின் மகன் அதே வகுப்பிலே வந்து சேர்வானாயின், அவனுக்கு முன்வாங்கிலே தானாகவே இடம் உண்டாகிறது. இவ்விருவரையும் ஒரு வகுப்பிலே வைத்து, இருவருக்கும் நடுவே மூன்றாவது பிள்ளை ஒருவனை நிறுத்தி, அவன் இருவரிடத்தும் என்ன கண்டான் என்பதைச் சொல்லும் நாவல் ஒன்று உண்டு. ஆர். கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய, 'சுவாமியும் நண்பர்களும்' என்று தமிழிற் சொல்லத்தக்க நாவல் அது. 1935ஆம் ஆண்டிலே இலண்டனில் வெளியாயிற்று.

நாராயண் 1906ஆம் ஆண்டிலே சென்னையிற் பிறந்தவர். புரசைவாக்கத்திலே பாட்டியாரிடம் வளர்ந்தவர். தந்தையார் மைசூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். மகனும் ஆசிரியத் தொழிலிற் புகுந்து பார்த்தார். சில நாட்களிலேயே அதனை உதறிவிட்டு வந்துவிட்டார். ஆசிரியர்கள் அவருடைய நாவலிலே ஏன் அவ்வளவு நகைப்புக்கு இடமாகின்றனர் என்பதற்கு இதுவும் ஒரு காரணம் போலும். எழுதி முடித்த நூலைப் பதிப்பாளர் பலர் திருப்பியனுப்பிவிட்டனர். மனமுடைந்த நாராயண், ஒக்ஸ்போர்டிலே படித்துக்கொண்டிருந்த தம் நண்பருக்கு, கையெழுத்துப் பிரதியிலே கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் ஆழ்த்திவிடுமாறு எழுதினார். நண்பர் அச்சொல்லைக் கேட்கவில்லை. நாவலாசிரியர் கிரஹாம் கிரீனிடம் அதனைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீனின் முயற்சியால் அது அச்சேறியது. நட்பைப் பற்றிய நூல் ஒன்று, நண்பரொருவரின் கீழ்ப்படியாமையினாலே பிழைத்தது. பிற்காலத்தில், 1980களின் பிற்பாதியிலே, இந்தியத் தொலைக்காட்சியில் 'மால்குடி நாட்கள்' தொடராக வந்தபோது, ஆங்கிலம் அறியாத இல்லங்களுக்கும் சுவாமிநாதன் அறிமுகமானான்.

மால்குடி என்பது நாராயண் படைத்த ஊர். சரயு என்னும் ஆறு அதன் அருகே ஓடுகிறது. அதுவும் அவர் படைத்ததே. அவ்வூரிலுள்ள ஆல்பர்ட் மிஷன் பள்ளிக்கூடத்திலே படிப்பவன் பத்து வயதுச் சுவாமிநாதன். திங்கட்கிழமை என்றாலே அஞ்சுபவன், கணக்கிலே பலவீனன், பாட்டியின் செல்வன். மிஷன் பள்ளிக்கூடத்தின் மணியோசையும், சமய பாட வேளையிலே எழும் மனக்கசப்பும் மட்டக்களப்பாருக்கும் புதியன அல்ல. மெதடிஸ்த மத்திய கல்லூரி அந்நகரிலே 1814இல் தோன்றியது. சிவானந்த வித்தியாலயம் வாவிக்கரையிலே எழுந்த ஆண்டு 1929. நாவலின் கதை நிகழ்வது 1930ஐ ஒட்டிய காலம். ஆதலால் அக்கால மட்டக்களப்பு மாணாக்கன் ஒருவன் அந்நூலைக் கையிலெடுத்திருப்பானாயின், ஊரின் பெயரை மாற்றிவிட்டால் தன் கதையே என்று கொண்டிருப்பான்.

சுவாமிநாதனுக்கு நண்பர் பலர். வகுப்புத் தலைவனான சோமு, எந்த வினாவுக்கும் விடை சொல்லும் சங்கர், உருவத்தாற் சிறியவனாதலின் 'பட்டாணி' என்று பெயர் பெற்ற சாமுவேல் ஆகியோர் அவருட் சிலர். இவர்கள் நிற்க, மணி என்பவனே அவனுக்குப் பெருமை தரும் நண்பன். கடைசி வாங்கிலே அமர்பவன்; ஒரே வகுப்பிலே திரும்பத் திரும்பத் தவறியவன்; வகுப்பிலுள்ள அனைவரையும் அதட்டி ஆள்பவன். புத்தகம் சுமந்து வருவதும் வீட்டுப்பாடம் செய்வதும் அவன் வழக்கமல்ல. ஆசிரியர்களும் அவனைத் தொந்தரவு செய்வதில்லை. ஏனையோர் அவன் எதிரே நடுங்கி நிற்க, சுவாமிநாதன் மாத்திரம் அவனைத் தோளுரிமையோடு பெயர் சொல்லி அழைக்கிறான். கிழக்கிலங்கையிலே சிறுவர்கள் ஒருவரையொருவர் 'மச்சான்' என்றே விளிப்பர். தோழமையை உறவுமுறையாக்கிக்கொள்ளும் அவ்வழக்கின் இனிமை அறிந்தவர்களுக்கு, மணியைப் பெயர் சொல்லி அழைப்பதிலே சுவாமிநாதன் கொண்ட செருக்கு நன்கு விளங்கும்.

ராஜம் இடையிலே வந்து சேர்ந்தவன். பொலிஸ் மேலதிகாரியின் மகன். மோட்டார் வண்டியிலே பள்ளிக்கு வருபவன். வகுப்பிலே சப்பாத்தும் மேசும் அணிந்து வந்தவன் அவன் ஒருவனே. கழுத்துப்பட்டியும் உயர்ந்த மேற்சட்டையும் அவனை வேறொரு நாட்டவன் போலக் காட்டின. சென்னையிலே ஆங்கிலப் பாங்கான பள்ளியொன்றிற் படித்தவனாதலின் வெள்ளைக்காரனைப் போல ஆங்கிலம் பேசினான். அப்பேச்சு வகுப்பிலே பலருக்கு விளங்கவில்லை. விளங்காத காரணத்தாலே மதிப்பு மேலும் உயர்ந்தது! கெட்டிக்காரனாகவும் இருந்தான்.

காட்டிலே ஒரு புலி ஆளும்போது இன்னொன்று வந்தால் நேர்வது இங்கும் நேர்ந்தது. ராஜத்தைக் கட்டியெடுத்துச் சரயுவிலே எறிந்துவிடப்போவதாக மணி முழங்கினான். இருவருக்கும் பேச்சில்லை, காகிதத் துண்டுகளே பேசின. அவற்றை இவனிடமிருந்து அவனிடமும் அவனிடமிருந்து இவனிடமும் கொண்டு செல்லும் தூதன் சுவாமிநாதன். அறைகூவல் முற்றி, நல்லப்பா தோப்பிலே சந்திப்பதென்று முடிவாயிற்று. மணி தடியோடு சென்றான். ராஜம் காற்றுத் துவக்கோடு வந்தான். ஆனாற் சண்டை நிகழவில்லை. யார் யாரைப் பற்றி என்ன சொன்னார் என்று விசாரித்தபோது, பகைக்கு அடிப்படை வெறும் கோள் என்பது வெளியாயிற்று. ராஜம் கொண்டுவந்திருந்த விசுக்கோத்துகளை மூவரும் பங்கிட்டுத் தின்றனர்.

இவ்விடத்திலே ராஜத்துக்குரிய புகழைக் குறைத்தல் தகாது. தன்னினும் வலியவனாகிய ஒருவனை, ஊருக்குப் புதியவன், தனியே சென்று சந்தித்தான். அதற்கு நெஞ்சுரம் வேண்டும். அவன் கையிலே துவக்கு இருந்தது உண்மையே. எனினும் அதனை நீட்டி மிரட்டியதோடு நின்றுவிடாமல், காரணம் கேட்டான். பகையைப் பேச்சினாலே தீர்த்தான். மணிக்கு அந்தக் கலை தெரியாது. பிற்பாடு சோமுவுக்கும் மணிக்கும் கைகலப்பு நேர்ந்து, நண்பர் குழாம் பிளவுண்டபோதும் எல்லோரையும் தன் வீட்டுக்கு அழைத்துச் சமாதானம் செய்துவைத்தவன் ராஜமே. பகைமை பாராட்டுவோர் மறுமையிலே படும் துன்பங்களை அவன் விரித்துரைத்த அழகு, ஒரு சிறு உபதேசியாரின் அழகு. உபதேசத்தோடு பரிசுப் பொருள்களையும் முன்னே வைத்தான். சுவாமிநாதனுக்குக் கிடைத்தது விளையாட்டுப் புகையிரதம்.

பரிசு கொடுத்துப் பெற்ற சமாதானம் என்பதை நாவலாசிரியர் இடித்துரைக்கவில்லை. அவர் எதனையும் இடித்துரைப்பவர் அல்லர். காட்சியை வைத்துவிட்டு விலகிக்கொள்வார். ராஜத்தின் வீட்டுக்கு நண்பர் இருவரும் முதன்முறை செல்லும் காட்சி அத்தகையது. தனக்கென ஓர் அறை, மேசை, எண்ணிறந்த விளையாட்டுப் பொருள்கள் ஆகியவற்றின் நடுவே ராஜம் வீற்றிருக்கிறான். சிற்றுண்டி கொண்டுவருமாறு சமையற்காரனை அதட்டுகிறான். சமையற்காரனோ அந்த அதட்டலைப் பொருட்படுத்துவதாக இல்லை. ஈற்றிலே ராஜம் தானே உள்ளே சென்று தட்டைக் கையிலேந்தி வருகிறான். வந்தவன், சமையற்காரனைத் தான் உதைத்த உதையிலே அவன் அடுப்பங்கரையிலே மூர்ச்சித்துக் கிடப்பதாகக் கூறுகிறான்! படிப்பவர் சிரிக்கின்றனர். சிரித்த பின்னரே ஒன்று புலப்படுகிறது. அவ்வீட்டிலே அதிகாரம் ராஜத்தினுடையதன்று, தந்தையுடையது. தந்தையின் அதிகாரத்தை அவன் உடுத்துக்கொண்டிருக்கிறான், மேற்சட்டையை உடுத்ததுபோல. அது தன் உடம்புக்குப் பெரிது என்பதைப் பிறர் கண்டுகொள்ளக் கூடாதே என்ற கவலையும் அவனுக்கு உண்டு.

நெடுஞ்சாலைக் காட்சி இன்னும் கூர்மையானது. மூவரும் ஒருநாள் சாலையோரம் நிற்கையில், கருப்பன் என்னும் நாட்டுப்புறச் சிறுவன் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டு வருகிறான். ராஜம் அவனை மறிக்கிறான். தாங்கள் அரசாங்கப் பொலிஸார் என்கிறான். பாலம் பலவீனமானது, வண்டி போகலாகாது என்கிறான். பையன் நடுங்கி அழும் வரை விசாரணை நடைபெறுகிறது. மணியும் சுவாமிநாதனும் ஏவலாளராக நின்று கூத்தை நடத்திக்கொடுக்கின்றனர். விளையாட்டுத்தான். ஆயின், அக்காட்சியை வயற்புறத்துப் பள்ளிக்கூடமொன்றிலே வாசித்தால், வகுப்பிலுள்ள பிள்ளைகளுட் பாதிப்பேர் கருப்பனின் பக்கத்திலேதான் உட்காருவர். நெல்லேற்றிச் செல்லும் வண்டியிலே தகப்பனுக்கு உதவியாகச் சென்ற பிள்ளைகளுக்கு, சாலையிலே காக்கியுடையினர் வண்டியை மறிக்கும்போது வயிற்றிலே எழும் குளிர் இன்னதென்று தெரியும். அக்காட்சியிலே மணியும் குற்றவாளியே. வலியவன் மெலியவனை வருத்தும் தொழிலில் அவன் முன்பே கைதேர்ந்தவன். இருவருக்கும் உள்ள வேற்றுமை, மணி தன் கையை நம்பினான், ராஜம் தகப்பனின் பதவியை நம்பினான் என்ற அளவே.

மணியின் குற்றங்கள் இத்துடன் தீரவில்லை. பரீட்சை நெருங்கியபோது அவன் கைக்கொண்ட உபாயத்தை நாராயண் மிக்க சுவையோடு சொல்லுகிறார். பள்ளிக்கூட இலிகிதருக்கு வினாத்தாள் தெரிந்திருக்கும் என்று கருதி, புதிய கத்தரிக்காய்களை ஒரு பொதியாகக் கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குச் செல்கிறான்! கத்தரிக்காய் கைமாறியது. இவ்வாறு தடியும் கத்தரிக்காயுமாகத் திரிபவனைத் தன் மகனின் தோழனாக எந்தத் தந்தை ஏற்பார்? பள்ளிக்கூடத்துப் பதிவேட்டின்படி பார்த்தால் ராஜத்துக்கு நூறு புள்ளி, மணிக்குப் பூச்சியம் என்றே எழுத வேண்டும்.

அந்தப் பதிவேட்டிலே வராத நிகழ்ச்சி ஒன்று உண்டு. ராஜத்தோடு சுவாமிநாதன் நெருங்கிப் பழகத் தொடங்கியதும், பழைய நண்பர்களுக்குப் பொறாமை மூண்டது. அவனுக்கு 'வால்' என்று பட்டம் சூட்டினர். ராஜத்தின் பின்னே ஆடிக்கொண்டு செல்லும் வால் என்பது பொருள். அப்பட்டத்தின் பொருளை முதலிலே சுவாமிநாதன் உணரவில்லை. உணர்ந்த அன்று பள்ளிக்கூடம் அவனுக்குக் கசந்துபோயிற்று. நேற்றுவரை கூடிச் சிரித்தவர்கள் இன்று முகங்கொடுத்துப் பேசாமல் விலகுவது பத்து வயதிலே எத்துணைப் பெரிய துயரம் என்பதை வளர்ந்தவர்கள் மறந்துவிடுகின்றனர். இச்செய்தி மணியின் காதுக்கு எட்டியது. ராஜத்தோடு சுவாமிநாதன் நெருங்கியதிலே பொறாமை கொள்ள முதல் உரிமை மணிக்கே உண்டு. அவனோ பொறாமை கொள்ளவில்லை. சோமுவைத் தேடிச்சென்று வழக்குக் கேட்டான். வழக்கு அடியிலே முடிந்தது. அடித்தது சரியென்று யாரும் சொல்லார். எனினும் அந்த அடியிலே தன் இலாபம் எதுவும் மணிக்கு இல்லை. ராஜம் நட்பைத் தந்தபோதெல்லாம், தான் நடுவிலும் ஏனையோர் சுற்றிலும் இருக்கும்படி தந்தான். மணிக்கு அப்படியொரு நடுவிடம் தேவைப்படவில்லை.

1930 ஆகஸ்ட் 15ஆம் நாள் சரயுவின் கரையிலே ஒரு கூட்டம் கூடுகிறது. பம்பாயிலே தேசத்தொண்டர் ஒருவர் கைதானதைக் கண்டிப்பதற்காகக் கூடிய கூட்டம். (இந்தியா விடுதலை பெற்ற நாளும் பதினேழாண்டு கழித்து அதே திகதியில் வாய்த்தது, 1935இல் எழுதியவர் அதனை எவ்வாறு அறிவார்!) சுவாமிநாதனும் மணியும் கூட்டத்திலே நின்று கேட்கின்றனர். சுவாமிநாதன் ஆவேசங்கொண்டு தன் தொப்பியை அந்நியப் பொருளென்று தீயிலே எறிகிறான். அது கதர்த்தொப்பி என்று வீட்டிலே தந்தை சொன்ன பின்னரே தெரியவருகிறது. மறுநாள் கடையடைப்பு, பள்ளிக்கூடத்துக் கண்ணாடிகள் உடைகின்றன. கூட்டத்தைக் கலைக்கத் தடியடிக்கு ஆணையிடும் அதிகாரி யார்? ராஜத்தின் தந்தை. அந்தத் தருணத்திலே மூன்று சிறுவரும் எந்தெந்தக் கரையிலே நிற்கின்றனர் என்பது வெளிச்சமாகிறது. ராஜம் பிறப்பினாலே அக்கரையிலே நிற்கிறான். அவன் தெரிந்தெடுத்த கரையன்று அது. சில வாரங்கள் சென்றபின் அவனே சுவாமிநாதனின் வீட்டுக்கு வருகிறான். அரசியற் குற்றம் முதலாக அவன் குற்றங்கள் யாவற்றையும் மன்னித்துவிட்டதாக அறிவிக்கிறான். மன்னிப்பவன் எப்போதும் தானாகவே இருத்தல் வேண்டும் என்னும் அவன் இயல்பை இங்கே கவனித்தல் வேண்டும். மணி யாரையும் மன்னிப்பதாக அறிவித்தவனல்லன்.

மன்னித்துச் சேர்ந்த அந்தச் சந்திப்பிலேதான் கிறிக்கெற் கழகம் பிறக்கிறது. ராஜம் தலைவன். சுவாமிநாதன் பந்தெறிவதிலே வல்லவனாகி, இங்கிலாந்து வீரர் டேற்றின் பெயரையே பட்டமாகப் பெறுகிறான். வேறொரு குழுவோடு போட்டிக்கு நாள் குறிக்கப்படுகிறது. ஆனால் கண்ணாடி உடைத்த கலகத்தின் பின் சுவாமிநாதன் போர்ட் பள்ளிக்கூடத்துக்கு மாறிவிட்டான். அங்கே மாலைவேளையிலும் தேகப்பயிற்சி வகுப்பு உண்டு. அது முடிந்து வருவதற்குள் விளையாட்டு வேளை கழிந்துவிடுகிறது. ராஜம் பொறுக்கவில்லை. நாள்தோறும் பயிற்சிக்கு வந்தாக வேண்டும் என்று நெருக்குகிறான். வைத்தியரிடம் ஓடி நோய்ச் சான்றிதழ் கேட்கும் நிலைக்குச் சுவாமிநாதன் தள்ளப்படுகிறான். வைத்தியர் தலைமையாசிரியரிடம் தாமே சொல்லிவிடுவதாக வாக்களித்து, மறந்துபோகிறார். அவர் வாக்கை நம்பித் தேகப்பயிற்சியைத் தவிர்த்த சிறுவன்மீது தலைமையாசிரியரின் பிரம்பு ஓங்குகிறது. அவன் அப்பிரம்பைப் பறித்து எறிந்துவிட்டு ஓடுகிறான். இனி எந்தப் பள்ளிக்கூடமும் தன்னை ஏற்காது, வீட்டிலும் முகம் காட்ட முடியாது என்று அஞ்சி ஊரை விட்டே போய், இருளிலே காட்டுவழியில் அகப்பட்டு, மயங்கி விழுந்து, வண்டிக்காரன் ஒருவனாலே காப்பாற்றப்படுகிறான். வன அதிகாரி ஒருவர் அவனை வீட்டிற் சேர்ப்பிக்கும்போது போட்டி முடிந்துவிட்டது. கழகம் தோற்றுவிட்டது.

இந்த நிகழ்ச்சித் தொடரைப் பின்னோக்கிப் பார்த்தால், காட்டுக்குச் சென்ற வழி ராஜத்தின் விளையாட்டுத் திடலிலே தொடங்கியது தெரியும். சுவாமிநாதன் அதனை உணரவில்லை, ராஜமும் உணரவில்லை. ராஜம் கண்டதெல்லாம் ஒன்றே: முக்கியமான நாளிலே முக்கியமான ஆட்டக்காரன் வரவில்லை. இனி அவன் முகத்திலே விழிப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டான். முன்னே ஊரறிந்த அரசியற் குற்றத்தை மன்னித்தவன், இப்போது ஓர் ஆட்டத்தை மன்னிக்கவில்லை. முன்னது அரசாங்கத்துக்கு எதிரான குற்றம். பின்னது ராஜத்துக்கு எதிரானது.

வள்ளுவர் நட்பைப் பற்றிப் பல அதிகாரங்கள் எழுதினார். அவற்றுள் 'பழைமை' என்னும் 81ஆம் அதிகாரத்தைப் பள்ளிக்கூடங்களிலே விரைந்து கடந்து சென்றுவிடுகின்றனர். நெடுநாட் பழகியவர், அப்பழக்கத்தின் உரிமையாலே தமக்கு வேண்டாததைச் செய்துவிட்டாலும், அதனையும் உரிமையாகவே கொண்டு பொறுத்தல் அவ்வதிகாரத்தின் பொருள். நட்பிலே இதுவே மிக அரிய பகுதி. ராஜத்துக்கு அந்தப் பாடம் வாய்க்கவில்லை. அதற்காக அவனை வெறுப்பதற்கும் இல்லை. தகப்பனாருக்கு இடமாற்றம் வரும்போதெல்லாம் பள்ளிக்கூடத்தையும் தோழரையும் விட்டுச் செல்லும் பிள்ளை அவன். சென்னையிலே ஒரு நட்பு, மால்குடியிலே ஒரு நட்பு, அடுத்த ஊரிலே இன்னொன்று. பழைமை பாராட்டும் அளவுக்கு எந்த நட்பும் பழையதாவதில்லை. உத்தியோகத்தர் பிள்ளைகள் பலருக்கு நேரும் வறுமை இது. வெளியே செல்வமாகத் தோன்றுவதால் ஒருவரும் இரங்குவதில்லை. பிறந்த ஊரிலேயே வளரும் படுவான்கரைப் பிள்ளைக்கு, கையிலே காசு இல்லாவிட்டாலும் பத்து ஆண்டுப் பழைமையுடைய தோழர் பத்துப் பேர் இருப்பர்.

மறுபடியும் இடமாற்றம் வந்தது. ராஜம் மால்குடியை விட்டுப் போகிறான். அச்செய்தியைச் சுவாமிநாதனுக்குக் கொண்டுவருபவன் மணி. முன்பு ஒருநாள் மணிக்கும் ராஜத்துக்கும் இடையே சீட்டுச் சுமந்தவன் சுவாமிநாதன். இப்போது சுவாமிநாதனுக்கும் ராஜத்துக்கும் இடையே நடப்பவன் மணி. பேசாத நண்பனுக்குப் பிரிவுப் பரிசாக என்ன கொடுப்பதென்று சுவாமிநாதன் யோசித்து, தன்னிடமிருந்த அண்டர்சன் கதைப் புத்தகத்தை எடுத்து, அன்புக்குரிய நண்பன் ராஜத்துக்கு என்று எழுதி வைத்துக்கொள்கிறான். விடிவதற்கு முன்பே எழுந்து புகையிரத நிலையத்துக்குச் செல்கிறான்.

அங்கே பொலிஸ் உத்தியோகத்தரும் பெரிய மனிதரும் வழியனுப்பக் கூடியிருக்கின்றனர். ஆங்கில உடையிலே நிற்கும் ராஜம் வேற்றாளாகத் தோன்றுகிறான். சுவாமிநாதனுக்குக் கால் எழவில்லை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் விளிம்பிலேயே நிற்கிறான். மணி அருகே நிற்கிறான். மணி அடித்துவிட்டது, புகையிரதம் நகர்கிறது. இனி முடியாது என்ற அந்தக் கணத்திலே, மணி புத்தகத்தை வாங்கிக்கொண்டு வண்டியோடு கூடவே ஓடுகிறான். சுவாமி கொடுக்கிறான் என்று கத்துகிறான். யன்னலிலிருந்து நீண்ட கை புத்தகத்தைப் பெற்றுக்கொண்டு, விடைகூறி அசைகிறது. அக்கை அசைந்தது மன்னிப்பினாலா, நாகரிகத்தினாலா? நாவல் அதற்கு விடை சொல்லவில்லை.

வண்டியின் விளக்கு மறைந்தபின் சுவாமிநாதன் மணியைக் கேட்கிறான்: ராஜம் கடிதம் எழுதுவானா? எழுதுவதாகச் சொன்னான் என்கிறான் மணி. என் விலாசம் அவனுக்குத் தெரியாதே என்கிறான் இவன். நான் கொடுத்துவிட்டேன் என்கிறான் அவன். அப்படியானால் என் விலாசம் என்ன, சொல் பார்க்கலாம் என்று இவன் விடாமற் கேட்க, மணி தடுமாறுகிறான். அது எதுவாயிருந்தாலென்ன, கொடுத்தாயிற்று என்று பொதுவாகச் சொல்லி விடுகிறான்.

நாவல் முழுவதிலும் மணியின் உள்ளத்திலிருப்பது அவன் முகத்திலே எழுதியிருந்தது. கோபம் வந்தால் தடி. ஆசை வந்தாற் கத்தரிக்காய். மறைக்கத் தெரியாத பிறவி. அவனைப் புரிந்துகொள்ளச் சுவாமிநாதன் ஒருநாளும் சிரமப்பட்டதில்லை. இப்போது மெய்யா பொய்யா என்று அறிய நிமிர்ந்து பார்க்கிறான். முதன்முறையாக அந்த முகத்திலே ஒன்றும் தெரியவில்லை. நாவல் அவ்விடத்திலே முடிகிறது.

வளர்ச்சியைச் சொல்லும் கதை என்றால் நாயகன் வளர்வதையே பெரும்பாலும் எதிர்பார்ப்போம். சுவாமிநாதன் வளர்ந்தானா? ஒரு சிறிது, பொய் என்று ஐயுறும் அளவுக்கு. ராஜம் வந்தபோது இருந்தபடியே போய்விட்டான். வளர்ந்தவன், எந்த ஆசிரியரும் வளர்வான் என்று எண்ணாத பின்வாங்குக்காரன். தோழனின் துயரைக் கண்டு, அடிக்க ஒருவரும் இல்லாத இடத்திலே, கையை மடக்கிக்கொண்டு நாவினாலே அவனைத் தாங்கப் பார்த்தான். முன்பு பொய் சொன்னபோதெல்லாம் தனக்காகச் சொன்னான். இந்தப் பொய்யினாலே அவனுக்கு ஒரு கத்தரிக்காயளவு பயனும் இல்லை. விலாசத்தைக்கூட ஒழுங்காகப் பாடமாக்கிக்கொள்ளாமற் சொன்ன பொய். பாடத்திலே அவன் எப்போதும் அப்படித்தானே.

கொடுத்தவனா, கூட நின்றவனா என்ற அந்தப் பழைய வழக்குக்கு மால்குடி நிலையத்திலே சாட்சி இருக்கிறது. ராஜம் கொடுத்த விளையாட்டுப் புகையிரதம் என்னவாயிற்று என்று அக்காலையிலே யாரும் நினைக்கவில்லை. மெய்யான புகையிரதம் போய்விட்டது. மேடையிலே சுவாமிநாதனின் அருகே நின்றவன் மணி.